கிழிந்தது நகல்தான்!

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் போனால் துடியலூர். அங்கே விருந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பசியோடு வந்த சுந்தரருக்கு சிவபெருமானே விருந்து போட்ட இடம் என்கிறது தலபுராணம். ஆனால், அதே சிவன்தான் முன்பு ஒரு பத்திரத்தைக் காட்டி சுந்தரரை வழக்குக்கு இழுத்தவர், தெரியுமா?

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அந்த வழக்கு வருகிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். 'நீ எனக்கு அடிமை. உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இது' என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது வெறும் நகல்!

திருவெண்ணெய்நல்லூர் சபை கிழவரின் பேச்சை அப்படியே நம்பிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், காட்சி - மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னது. அதாவது அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி. கிழவர் மூல ஓலையை நீட்டினார். தாத்தா எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, சபையார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்து ஒத்துப்போனது. சுந்தரர் தோற்றார்.

இது நிஜமா, கதையா என்பது இருக்கட்டும். ஒரு பத்திரத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சோழர் காலத்தவருக்குத் தெரிந்திருந்தது! அந்தக் கால நில விற்பனைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். நான்கு எல்லையும் சொல்லி, 'இதுவே விலை ஓலை, பணம் பெற்ற ரசீதும் இதுவே' என்ற பொருளில் அழுத்தமாக முடிப்பார்கள்.

இன்றைக்கு வருவோம். துடியலூர் 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோட்டங்காடுகள் சைட்டுகளாகிவிட்டன. 'அதான் ரிஜிஸ்டர் ஆயிடுச்சுங்களே' என்று நிம்மதியாகி விடுகிறோம். சிக்கலே அங்கேதான்! விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையல்ல என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பவர் பத்திரத்தையும் அக்ரிமென்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட முடியாது என்று 2011-லேயே சொல்லிவிட்டது. தனக்கில்லாத உரிமையை ஒருவர் விற்றால், சீல் குத்தினாலும் அது உங்களுக்கு வந்துவிடாது.

ஆகவே அந்த மூன்று கேள்விகளை நீங்கள்தான் கேட்க வேண்டும். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது? மூலப் பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை தொடர்ச்சி அறாமல் வருகிறதா, வில்லங்கம் உண்டா? பக்கத்துக் காட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

ஜெராக்ஸை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கடவுளே ஆனாலும், மூல ஓலையைக் காட்டித்தான் ஜெயிக்க முடிந்தது!