மோட் ஏறாதது யார் குற்றம்?

கணினி விளையாட்டுக்கு ரசிகர்கள் தாங்களாக எழுதிச் சேர்க்கும் மாற்றங்களை மோட் என்கிறார்கள். புது வாள், புது ஊர், புதுக் கதை, சில சமயம் முழு விளையாட்டுமே புதிதாக. இறக்கி, உரிய ஃபோல்டரில் போட்டு, விளையாட்டைத் திறந்தால் ஒன்றுமே மாறியிருக்காது. அல்லது தயாரிப்பாளரின் முத்திரை தோன்றிய மறுநொடி விளையாட்டு மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கும். உடனே பழி விழுவது இருவர் மேல்: சரியாகப் போடத் தெரியாத பயனர், அரைகுறையாக எழுதிய அமெச்சூர். முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பழி பெரும்பாலும் இடம் மாறி விழுகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, இன்று தொட்டது நாளைக்கும் நிற்குமா என்பதைத் தயாரிப்பாளர் சொல்லி வைத்த இடங்களில் பழுது சிறிதாக இருந்தது, தேடினால் அகப்பட்டது. சொல்லாமல் விட்ட இடங்களில் அந்த விதிகளைப் பயனர்களே அனுபவித்துக் கண்டுபிடித்து எழுத வேண்டியிருந்தது. மோட் பழுது பார்ப்பதற்கென்று இன்று இருக்கும் கருவிகளும் வழக்கங்களும் அப்படிப் பிறந்தவைதான்.

தொடக்கம் 1993 டிசம்பர் 10. இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்ட நாள் அது. முந்தைய ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’யை ரசிகர்கள் குடைந்து மாற்றியதைப் பார்த்திருந்த அந்நிறுவன நிரலாளர் ஜான் கார்மாக், டூமில் வரைபடம், படம், ஒலி எல்லாவற்றையும் இயக்க நிரலிலிருந்து பிரித்து ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் வைத்தார். மூலக் கோப்பின் மேல் கை வைக்க வேண்டியதில்லை. கட்டளை வரியில் இன்னொரு வாட் கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பின்னால் வந்தது முன்னதை மறைக்கும். இந்த ஒரு விதி தெளிவாக இருந்ததால் சில மாதங்களுக்குள் வரைபடம் கட்டும் எடிட்டர்கள் வந்தன, ரசிகர்களின் வரைபடங்கள் குவிந்தன. ஆனால் அரக்கர்களின் உருவப் படங்கள் இந்த விதிக்குள் வரவில்லை. அவற்றை விளையாட்டு இரண்டு அடையாளப் பெயர்களுக்கு நடுவே தேடும். புதிய வாட்டில் அதே அடையாளங்கள் இருந்தால் பழையதை அறவே விட்டுவிட்டு, புதியதில் இருப்பதுதான் மொத்தத் தொகுதி என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஓர் அரக்கனை மட்டும் மாற்றி வரைந்தவருக்கு, மற்ற அரக்கர்களின் படங்களைக் காணவில்லை என்று விளையாட்டு நின்றுவிடும். அவர் வரைந்ததில் பிழை எதுவும் இல்லை. எங்கும் எழுதப்படாத ஒரு விதியில் இடறியிருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு வழியாக, முழுப் படத் தொகுதியையும் மூலக் கோப்பிலிருந்து எடுத்து இணைத்துத் தரும் சிறு கருவிகளை ரசிகர்களே எழுதினார்கள்.

1994-இல் கிரெக் லூயிஸ் எழுதிய ‘டிஹேக்எட்’ இன்னொரு பாதையில் போனது. அரக்கனின் வலிமை, துப்பாக்கியின் வேகம் போன்றவை வாட்டில் இல்லை. இயக்க நிரலுக்குள்ளேயே பொதிந்திருந்தன. ஆகவே டிஹேக்எட் அந்த நிரல் கோப்பையே திறந்து, குறிப்பிட்ட இடங்களில் இருந்த எண்களைத் திருத்தியது. இட் சாஃப்ட்வேர் புதிய பதிப்பு வெளியிட்டால் அந்த இடங்கள் நகர்ந்துவிடும். 1.666 பதிப்புக்கு எழுதிய திருத்தத்தை 1.9-இல் அப்படியே போட முடியாது. அதனால்தான் டிஹேக்எட் திருத்தக் கோப்பின் தலைப்பிலேயே, எந்தப் பதிப்பு டூமுக்கானது என்று ஒரு வரி இருக்கும். 1994-இல் கட்டிய சாதாரண வரைபட வாட் இன்றைக்கும் ஏறுகிறது. நிரலைத் தொட்ட திருத்தமோ பதிப்பு எண்ணைக் கேட்காமல் நகராது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே மாதிரி அமெச்சூர்கள்தான். ஒன்று நிலைத்து மற்றது ஆட்டம் கண்டதற்குக் காரணம் அவர்களின் திறமையில் இல்லை.

தயாரிப்பாளர் வழி விட்டும் விதியைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை பெதஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசை காட்டுகிறது. 2002-இல் ‘மாரோவிண்ட்’ வெளியானபோது, கணினிப் பதிப்புடன் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ என்ற மோட் எழுதும் கருவியையும் சேர்த்தே விற்றார்கள். ரசிகர் எழுதுவது பிளகின் கோப்பாக வரும்; அது மாஸ்டர் எனப்படும் அடிப்படைக் கோப்புகளைச் சார்ந்திருக்கும். இரண்டு பிளகின்கள் ஒரே பொருளை மாற்றினால் கடைசியாக ஏறியது வெல்லும். எது கடைசி என்பதை மாரோவிண்டும் 2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ விளையாட்டும் எப்படித் தீர்மானித்தன தெரியுமா? கோப்பு கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதை வைத்து. எடிட்டரில் ஒரு மோடைத் திறந்து சும்மா சேமித்தாலே தேதி மாறும்; தேதி மாறினால் வரிசை மாறும்; வரிசை மாறினால் நேற்று ஓடியது இன்று ஓடாது. ஆப்லிவியனில் ஒரு மாஸ்டர் கோப்பு குறைந்தால் இன்னும் மோசம்: எந்தக் கோப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விளையாட்டு மூடிக்கொள்ளும். புதிய டெக்ஸ்சர்களைச் சரியான ஃபோல்டரில் போட்டாலும், விளையாட்டின் தொகுப்புக் கோப்பில் இருக்கும் பழைய படங்களே தெரிந்துகொண்டிருக்கும். இதைச் சமாளிக்க ‘ஆர்க்கைவ் இன்வாலிடேஷன்’ என்று ஒரு சுற்றுவழியையே கண்டுபிடித்துப் பரப்ப வேண்டியிருந்தது.

வாய் திறக்காத விளையாட்டிடம் காரணம் கேட்க முதலில் கைக்கு வந்த முறை பாதி பாதியாக விலக்குவது. போட்டிருக்கும் மோட்களில் பாதியை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறப்பார்கள். ஓடினால் குற்றவாளி நிறுத்திய பாதியில். ஓடாவிட்டால் மீதிப் பாதியில். 128 மோட்களில் ஒன்றுதான் கெட்டது என்றால் 7 தடவையில் பிடித்துவிடலாம். ஆனால் எந்த மோடும் தனியாகக் கெட்டதாக இல்லாமல் இரண்டு நல்ல மோட்கள் ஒன்றோடொன்று மோதினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பாதியை நிறுத்தும்போது மற்ற பாதிக்கு வேண்டிய மாஸ்டரும் சேர்ந்து நின்றுபோனால், புதிய பழுதைத் தானே உண்டாக்கிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்க நேரும். இந்த இடத்தில்தான் முறை கருவியாக வளர்ந்தது. எல்மின்ஸ்டர்ஏயூ என்ற புனைபெயரில் இயங்கியவர் ஆப்லிவியனுக்காக எழுதிய ‘டெஸ்4எடிட்’, பின்னாளில் ‘எக்ஸ்எடிட்’ ஆனது. அது ஒரு பொருளை எந்தெந்தப் பிளகின்கள் தொட்டிருக்கின்றன என்பதை ஏறும் வரிசையில் பத்தி பத்தியாக அடுக்கிக் காட்டும். மோதும் இடத்துக்கு நிறம் கொடுக்கும். வலது ஓரத்தில் இருப்பதே விளையாட்டில் தெரியப்போவது. ‘ரை பாஷ்’ என்ற கருவி, மோதும் மாற்றங்களில் ஒன்றையொன்று கெடுக்காதவற்றை இணைத்துத் தனியாக ஒரு பிளகின் செய்து கொடுத்தது. ‘பாஸ்’ கருவியும் அதன் வாரிசான ‘லூட்’ கருவியும், எது எதற்குப் பின்னால் ஏற வேண்டும் என்று பலரும் சோதித்துச் சொன்னதைப் பட்டியலாக்கி வரிசையைத் தாமே ஒழுங்கு செய்தன. தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டிய விதிப்புத்தகத்தை, வெளியே இருந்தவர்கள் கூலியில்லாமல் எழுதினார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

விளையாட்டுக்குள் புதைந்திருந்த எல்லைகளும் இப்படியே வெளிச்சத்துக்கு வந்தன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2011 நவம்பர் 11 அன்று வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பதினாறடிமான முறையில் 8 இலக்க அடையாள எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம், அந்தப் பொருளைக் கொண்டுவந்த பிளகின் வரிசையில் எத்தனையாவது என்பதைக் குறிக்கும். இரண்டு இலக்கத்தில் 256 இடங்கள்தான் உண்டு; கடைசி இடம், விளையாடும்போது புதிதாக உண்டாகும் பொருட்களுக்காக ஒதுக்கப்பட்டது. ஆக 255-ஐத் தாண்டி முழு பிளகின் ஏறாது. இதை அறியாமல் 256-ஆவதைப் போட்டவருக்குக் கிடைத்தது பிழைச் செய்தி அல்ல, குழப்பம். பெதஸ்டா 2017-இல் இலகு பிளகின் என்ற வகையைக் கொண்டுவந்து, ஒரே இடத்தை 4096 சிறு பிளகின்கள் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. அந்த ஏற்பாடு வந்தது, நிறுவனம் தானே விற்கத் தொடங்கிய ‘கிரியேஷன் கிளப்’ சரக்குகளோடு சேர்ந்துதான். நெருக்கடி தன் கடைக்கும் வரும் என்ற நிலையில் வழி பிறந்தது என்று வாசிக்க இடமிருக்கிறது.

தனிக் கோப்புக்கும் நிரல் திருத்தத்துக்கும் இடையே டூம் காலத்தில் இருந்த பிளவு ஸ்கைரிமில் இன்னும் பெரிதாகத் திரும்பியது. பிளகின் கோப்பால் ஆகாததைச் செய்ய ‘எஸ்கேஎஸ்இ’ என்ற ஸ்கிரிப்ட் நீட்டிப்பு வந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் குறிப்பிட்ட முகவரிகளைத் தேடி நுழையும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முகவரிகள் நகரும். நகர்ந்த அன்றே எஸ்கேஎஸ்இ-யும் அதை நம்பிய மோட்களும் படுத்துவிடும். செயற்கூறுகளுக்கு நிலையான எண் கொடுத்து, பதிப்புக்குப் பதிப்பு முகவரியைப் பார்த்துக்கொள்ளும் ‘அட்ரஸ் லைப்ரரி’யை ஒரு மோட் எழுத்தாளர் கட்டியபின் அந்த வலி கொஞ்சம் தணிந்தது. 2021 நவம்பரில் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது பெதஸ்டா நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையே மாற்றியிருந்தது. நிரலின் அடுக்கு முற்றிலும் கலைந்து, எண் வரிசையையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பலர் 1.5.97 பதிப்புக்குத் திரும்பிப் போனார்கள். 2024-இல் ‘ஃபால்அவுட்: லண்டன்’ கதை இன்னும் கூர்மையானது. ஆண்டுக்கணக்கில் உழைத்து, பெதஸ்டாவின் இன்னொரு விளையாட்டான ‘ஃபால்அவுட் 4’ மேல் கட்டிய அந்தப் பெரிய மோட் ஏப்ரல் 23 அன்று வெளியாக வேண்டியது. ஏப்ரல் 25 அன்று விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் வரப்போகிறது என்று அதே மாதத்தில்தான் தெரிந்தது. மோட் ஜூலை 25 வரை தள்ளிப்போனது. வெளியானபோது, விளையாட்டைப் பழைய பதிப்புக்கு இறக்கினால்தான் ஓடும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை வலுவில்லாதவையும் அல்ல. முதலாவது, படிக்கச் சொன்னதைப் படிக்காமல் நூறு மோட்களை ஒரே நாளில் திணிப்பவர்தானே பழுதுக்குக் காரணம் என்பது. அவசரக்காரர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவசரம் எல்லா விளையாட்டுக்கும் பொது. விளைவு மட்டும் வேறுபடுகிறது. பழைய ‘மைன்கிராஃப்ட்’ காலத்தில் மோட் போட, நிரலின் ஜார் கோப்பைத் திறந்து மோட் கோப்புகளைத் திணித்துவிட்டு, மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டரை அழிக்க வேண்டும். மறந்தால் கறுப்புத் திரைதான். அந்த ஃபோல்டரில் இருந்தது கோப்புகள் மாறவில்லை என்பதற்கான டிஜிட்டல் கையொப்பம். கோப்பை மாற்றியபின் கையொப்பம் பொருந்தாது. காரணம் இவ்வளவு எளிது. ஆனாலும் காரணம் தெரியாமலே அந்தச் சடங்கைச் செய்துவந்தவர்கள் ஏராளம். விளையாட்டு காரணத்தைச் சொல்லாதபோது கவனமான பயனருக்கும் கிடைப்பது சடங்கு மட்டுமே.

இரண்டாவது மறுப்பு: மோட்கள் நிலைக்கும் என்று எந்த நிறுவனமும் வாக்குக் கொடுக்கவில்லையே, இலவசமாக வந்ததற்கு யார் பொறுப்பேற்பது? எழுத்தில் வாக்கு இல்லை, உண்மை. ஆனால் எழுதும் கருவியைச் சேர்த்து விற்றவர்கள் மோட்களை விற்பனைக்குத் துணையாகவே கணக்கிட்டார்கள். 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வும் பெதஸ்டாவும் ஸ்கைரிம் மோட்களை அந்தத் தளத்தில் காசுக்கு விற்க வழி செய்தபோது அது வெளிப்படையாகவே தெரிந்தது. விற்பனையில் 25 சதவீதம்தான் எழுதியவருக்கு. மீதி வால்வுக்கும் பெதஸ்டாவுக்கும். வாங்கிய மோட் ஓடாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; அதற்குப் பிறகு ஓர் அப்டேட் வந்து உடைத்தால் எழுதியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எதிர்ப்பு வெடித்து ஏப்ரல் 27 அன்றே திட்டம் கைவிடப்பட்டது. பங்கு எடுக்கும்போது சரக்கு, பழுதானால் இலவசம் என்ற வாதம் நிற்காது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. மோட்களுக்காக உள்ளமைப்பை மாற்றாமலே வைத்திருந்தால் விளையாட்டு எப்படி வளரும்? பழைய பிழைகளைத் திருத்த வேண்டாமா? இதற்கு விடை செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் 2020-இல் முழுப் பதிப்பாக வெளியிட்ட ‘ஃபாக்டோரியோ’வில் இருக்கிறது. அதுவும் பெரிய பதிப்புகளில் உள்ளமைப்பை மாற்றுகிறது. மோட்கள் உடையவே செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு மோடும் எந்தப் பதிப்புக்கு எழுதியது, எந்த மோட்களை நம்பியிருக்கிறது என்பதைத் தன் தகவல் கோப்பில் அறிவித்தாக வேண்டும். ஏற்றும்போது சிக்கல் வந்தால், எந்தப் பொருளில் பழுது, அதை எந்தெந்த மோட்கள் எந்த வரிசையில் தொட்டன என்பதை விளையாட்டே திரையில் சொல்லும். அங்கேயே அந்த மோட்களை நிறுத்தவும் வழி கொடுக்கும். எக்ஸ்எடிட்டும் லூட்டும் வெளியிலிருந்து செய்ததை இங்கே தயாரிப்பாளரே உள்ளே வைத்துவிட்டார். உள்ளமைப்பை உறைய வைக்கும்படி யாரும் கேட்கவில்லை. மாற்றப்போவதை முன்கூட்டிச் சொல்வது, உடைந்ததன் பெயரைச் சொல்வது, பழைய பதிப்பை எடுக்க வழி விடுவது ஆகிய மூன்றுமே வளர்ச்சியைத் தடுப்பவை அல்ல. இந்த மூன்றையும் செய்யாத விளையாட்டில் ஒரு மோட் ஏறாமல் நின்றால், பயனரையும் எழுத்தாளரையும் விசாரிக்கும் முன் தயாரிப்பாளரை விசாரிப்பதே முறை.