பலாலி – திருச்சிராப்பள்ளி வான்வழி

பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீற்றர். கடல் மைலில் 99. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மன்னார் மாவட்டத்தின் நானாட்டான், முருங்கன் பகுதி மக்களுக்கும் பலாலியே கிட்டிய சர்வதேச விமான நிலையம். நானாட்டானிலிருந்து நேர்கோட்டில் அது 100 கிலோமீற்றர் சொச்சம். கட்டுநாயக்கா விமான நிலையம் இன்னும் 80 கிலோமீற்றரளவு தள்ளி. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் நானாட்டான் பகுதியிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போவது சுலபமானது.

இலங்கைக்கும் தமிழகத்துக்குமான விமானத் தொடர்பு கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் தொடங்குகிறது. 1935 நவம்பர் 27 அன்று அங்கு முதன்முதலில் இறங்கிய விமானமே சென்னையிலிருந்து வந்த சிறிய ‘பஸ் மொத்’ (Puss Moth) ரக விமானம்தான். பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவை டக்கோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அன்று காங்கேசன்துறை எனப்பட்டது பலாலி நிலையமே.

இரத்மலானை – பலாலி 329 கிலோமீற்றர், பலாலி – சென்னை 354 கிலோமீற்றர். பலாலி கிட்டத்தட்ட நடுவழி. மணிக்கு 300 கிலோமீற்றருக்குள் பறந்த டக்கோட்டாவுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரத்மலானை – பலாலி நேர்கோட்டை வரைபடத்தில் இழுத்தால் அது நானாட்டான் – முருங்கன் பக்கமாகவே போகும்.

இதே வழித்தடத்தில்தான் பெருந்துயரும் நேர்ந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன்எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 55 பேர் மாண்டனர். அதன் சிதைவுகள் 2012இல் இரணைதீவுக் கடலில் கண்டறியப்பட்டன.

திருச்சிப் பாதைக்கு வந்தால், திருச்சியிலிருந்து வரும் நேர்கோடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கடலைத் தொடுகிறது. மீதிப் பாதித் தூரமும் பாக்கு நீரிணைதான். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்லக்கூடிய ஏடிஆர்-72 விமானத்துக்கு 184 கிலோமீற்றர் கணக்குப்படி 22 நிமிட வேலை. ஆனால் பயண நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, மறுமுனையில் சக்கரம் நிற்கும்வரை எண்ணப்படுகிறது. ஓடுபாதைவரை ஊர்தல், மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல், ஓடுபாதைக்கு நேராகத் திரும்புதல் எல்லாம் அதில் அடங்கும். குறுந்தூரப் பறப்பில் உச்ச வேகத்தில் போகும் நேரம் சொற்பம். அதனால்தான் தூரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பான சென்னை – பலாலிப் பயணம் திருச்சிப் பயணத்தைவிடச் சிறிது நேரமே கூடுதலாக எடுக்கிறது.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. இண்டிகோவின் திருச்சிச் சேவை 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது.