மனஸ்தாப மந்திரமும் பாவியின் ஜெபமும்

தமிழ்நாட்டில் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை முதல் நன்மை வாங்குவதற்கு முன் மனப்பாடம் செய்யும் ஜெபங்களில் ஒன்று உத்தம மனஸ்தாப மந்திரம். சுவிசேஷக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவருக்குத் தெரிந்தது வேறொன்று. செய்தி முடிந்ததும் ஊழியர் எல்லாரையும் கண்களை மூடச் சொல்வார். இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார். பிறகு தாம் சொல்லச் சொல்ல, வாக்கியம் வாக்கியமாக அவர்களைத் திரும்பச் சொல்ல வைப்பார். அமெரிக்கச் சுவிசேஷ சபைகள் ‘பாவியின் ஜெபம்’ என்று அழைப்பது இதைத்தான்.

இரண்டும் மனந்திரும்புதலின் ஜெபங்களே. பாவத்தை ஒப்புக்கொள்வது, அதற்காக வருந்துவது, இனி நல்வழியில் நடக்கத் தீர்மானிப்பது என்று உள்ளடக்கத்திலும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் இதைச் சொன்னால் இரட்சிப்பு கிடைத்துவிடுமா என்று இரு தரப்பையும் கேட்டால், பதில்கள் நாம் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து வருவதில்லை. எழுதிவைத்த ஜெபம் வெறும் சடங்கு என்று சொல்லும் தரப்புதான் எழுதிவைத்த ஒரு ஜெபத்தின் மேல் அதிகச் சுமையை ஏற்றியிருக்கிறது.

முதலில் கத்தோலிக்க வழக்கம். மனஸ்தாப மந்திரம் அங்கே தனித்து நிற்பதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டவர் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்கிறார், பாவங்களைச் சொல்கிறார். குரு புத்தி சொல்லி, ஒரு பரிகாரத்தையும் விதிக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்த ஜெபம். அது முடிந்ததும் குரு கையை நீட்டி மன்னிப்பின் வாக்கைச் சொல்கிறார். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் இதைக் கோட்பாடாகவே வகுத்தது. பாவியின் பங்கு மூன்று: மனஸ்தாபப்படுதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். மனஸ்தாபம் என்று சங்கம் சொன்னது உள்ளத்து வேதனையையும், பாவத்தின் மேலுள்ள வெறுப்பையும், இனி செய்யமாட்டேன் என்ற உறுதியையும். ஜெபம் அதற்கு வாய் கொடுக்கிறது, அவ்வளவுதான். இன்ன வாசகத்தைத்தான் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1973இல் திருத்தப்பட்ட சடங்குமுறை பல வாசகங்களைத் தந்து, விரும்பியதைச் சொல்ல இடம் விட்டது.

ஒரே ஓர் இடத்தில் அந்த ஜெபம் தனியாகவே பாரம் சுமக்கிறது. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒரு வகை. கடவுளை நேசிப்பதால் வருந்துவது இன்னொரு வகை. ‘உத்தம’ என்ற அடைமொழி இந்த இரண்டாவதற்குத்தான். இத்தகைய மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தோடு சேர்ந்திருந்தால், குருவின் வாக்கு கிடைப்பதற்கு முன்பே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்கிறது திரெந்து. குரு கிடைக்காத சாவுப் படுக்கைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவால் கோயில்கள் அடைபட்டிருந்தபோது, பாவமன்னிப்பு தொடர்பான காரியங்களைக் கவனிக்கும் வத்திக்கான் அலுவலகம் இதையே நினைவுபடுத்திக் குறிப்பு வெளியிட்டது. அப்போதும் வழி திறந்தவுடன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் உறுதி வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது.

இனி பாவியின் ஜெபம். ஆலயத்தின் ஓரத்தில் நின்று, வானத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் மன்றாட்டுதான் (லூக்கா 18) இதற்கு வேர் என்பார்கள். வேர் அதுவாக இருக்கலாம், செடி பிற்காலத்தது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் குத்தப்பட்டவர்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, அவர் யாருக்கும் ஜெபம் சொல்லிக்கொடுக்கவில்லை. மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார். பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலனுக்கு விசுவாசிக்கச் சொன்னார்கள், அன்றிரவே ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், ஒருவர் சொல்ல மற்றவர் திரும்பச் சொல்லி இரட்சிக்கப்பட்டதாக ஒரு காட்சி கிடையாது.

அந்தக் காட்சி உருவாகத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். 1830இல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் சார்லஸ் ஃபின்னி நடத்திய எழுப்புதல் கூட்டங்களில், ஆத்துமாவைப் பற்றிக் கலங்குகிறவர்கள் வந்து உட்கார முன்வரிசை பெஞ்சுகள் ஒதுக்கப்பட்டன. எல்லாரும் பார்க்க எழுந்து வருவதே தீர்மானத்தின் அடையாளம். 1835இல் அச்சான தம் சொற்பொழிவுகளில் ஃபின்னி இதற்குச் சொன்ன நியாயம் கவனிக்கத் தக்கது: அப்போஸ்தலர் காலத்தில் ஞானஸ்நானம் செய்த வேலையை இப்போது இந்த பெஞ்சு செய்கிறது என்றார். இவ்வளவு வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. 1843இல் ஜெர்மன் சீர்திருத்தச் சபையின் ஜான் நெவின் அந்த பெஞ்சைத் தாக்கியே ஒரு நூல் எழுதினார். ஞானோபதேசம் கற்பித்து, வருடக்கணக்கில் ஆத்துமாவை வளர்க்கும் முறைக்கும் ஓர் இரவில் காரியத்தை முடிக்கும் முறைக்கும் ஒத்துவராது என்பது அவர் வாதம்.

பெஞ்சு போய் ஜெபம் வந்தது 20ஆம் நூற்றாண்டில். சுவிசேஷகர் பில்லி கிரகாமின் கூட்டங்களில் மேடையருகே வந்தவர்களுக்கு ஜெபமும் உண்டு, ஆலோசகரும் உண்டு, பெயரும் முகவரியும் எழுத அட்டையும் உண்டு. 1956இல் அவர் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தார். நெல்லைப் பக்கத்தில் இந்த முறை ஏன் வேர்பிடித்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளியது. அங்கே கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். வளர்ந்த பிறகு மனம் திரும்பினால், அதற்கு அடையாளமாகச் சபை கொடுக்க வேறு எதுவும் கையில் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஜெபம் வந்து உட்கார்ந்தது. ‘இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?’ என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லும் பழக்கமும் சேர்ந்து வந்தது.

இந்த ஜெபத்தை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது கேம்பஸ் குரூசேட் என்ற ஊழிய அமைப்பை நிறுவிய பில் பிரைட்டின் ‘நான்கு ஆவிக்குரிய விதிகள்’ என்ற சிறு கைப்பிரதி. 1965இல் அச்சான இதைக் குறை சொல்பவர்கள் பலர் படித்துப் பார்ப்பதில்லை. ஜெபத்துக்கு முன்பே அது, தேவன் சொற்களைவிட இருதயத்தைத்தான் பார்க்கிறார் என்று எச்சரித்துவிடுகிறது. சில பக்கங்கள் தள்ளி ஒரு ரயில் படம்: உண்மை எஞ்சின், விசுவாசம் கரிப்பெட்டி, உணர்ச்சி கடைசிப் பெட்டி. கடைசிப் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்பது பாடம். ஆக, எழுதியவருக்குச் சொற்களின் மேலும் நம்பிக்கை இல்லை, உணர்ச்சியின் மேலும் நம்பிக்கை இல்லை. ஆனால் கைக்குக் கை மாறும் பிரதியில் வாசகன் நினைவில் நிற்பது அந்த ஜெபம்தான். கிதியோன் அமைப்பினர் கொடுக்கும் சட்டைப்பை அளவு புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதக் கோடு போட்டிருப்பார்கள். தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்குக் காரியம் முடிந்துவிட்டது என்று தோன்றினால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

இரு வழக்கங்களும் உண்மையில் பிரிவது நிச்சயம் என்ற விஷயத்தில். நான் இரட்சிக்கப்பட்டேன் என்று ஒருவன் சந்தேகமறச் சொல்லிக்கொள்வதை 1547லேயே திரெந்து வீண் நம்பிக்கை என்று தள்ளியது. ஆகவே மனஸ்தாப ஜெபம் ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியது. பாவியின் ஜெபம் ஒருமுறை சொல்லவேண்டியது, அந்த ஒருமுறையே நிச்சயம் தரும் என்பது கூட்டங்களில் கேட்பது. ஏட்டில் இப்படி. மனிதர்களிடம் போனால் கணக்கு தலைகீழாகிறது. பின்னாளில் தெற்குப் பாப்திஸ்து அவையின் தலைவரான ஜே.டி. கிரியர், இயேசுவை இருதயத்துக்குள் அழைப்பதை நிறுத்துங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். பதினெட்டு வயதாவதற்குள் அந்த ஜெபத்தைத் தாம் ஐயாயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன் என்று அதில் எழுதுகிறார். ஒவ்வொரு முறையும், போன தடவை மனதாரச் சொன்னேனா என்ற சந்தேகம்.

மறுபக்கத்திலும் அதே நோயாளியைப் பார்க்கலாம். 1522இல் மொன்செராத்தில் மூன்று நாள் எடுத்து வாழ்நாள் பாவங்கள் அனைத்தையும் எழுதி அறிக்கையிட்ட லொயோலா இஞ்ஞாசியார், அடுத்து மன்ரேசாவில் தங்கியபோது எதையோ விட்டுவிட்டேன் என்ற வதையில் மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உயிரை விட்டுவிடும் எண்ணம்கூட வந்தது. ஆனால் அவருக்கு வெளியே ஒரு குரல் இருந்தது. ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தவரைப் பட்டினியை முறிக்கச் சொல்லிக் கட்டளையிட்டார் அவருடைய குரு. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று இஞ்ஞாசியார் பிறகு முடிவெடுத்தார். சிறுவனாயிருந்த கிரியருக்கு அப்படி ஒரு குரல் இல்லை. தன் நேர்மைக்குத் தானே சாட்சி, தானே நீதிபதி.

சுவிசேஷ சபைகளுக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். 2012இல் ஒரு மாநாட்டில் போதகர் டேவிட் பிளாட் இந்த ஜெபத்தை மூடநம்பிக்கை என்றே சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் கூடிய தெற்குப் பாப்திஸ்துகள் ஜெபத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மனந்திரும்புதலையும் விசுவாசத்தையும் வெளிப்படுத்த அது வேதத்துக்கு ஒத்த வழி என்றார்கள். சொன்ன மாத்திரத்தில் இரட்சிப்புத் தரும் சொற்கட்டு அல்ல என்றும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ரோமர் பத்தாம் அதிகாரம் அவர்களுக்குப் பக்கபலம். வாயினால் அறிக்கையிடுவதும் இருதயத்தில் விசுவாசிப்பதும் அங்கே சேர்த்தே பேசப்படுகின்றன. வாயை விட்டுவிடமுடியாது என்பது அவர்கள் சொல்வது, நியாயமானதுதான். ஆனால் சமாரியாவில் விசுவாசித்து ஞானஸ்நானமும் பெற்ற மந்திரவாதி சீமோன், சில வசனங்களுக்குள் பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தைப் பணத்துக்குக் கேட்டதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

ஜெபத்தைச் சொல்லிக்கொடுப்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. வார்த்தை வராதவனுக்கு வார்த்தை கொடுப்பதில் என்ன குற்றம்? எனக்கு உறுத்துவது ஆமென் சொன்னதும் மேடையிலிருந்து வரும் அறிவிப்பு: இப்போது நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள், உங்கள் பெயர் ஜீவபுஸ்தகத்தில் எழுதப்பட்டது. குருவுக்கு மன்னிக்கும் அதிகாரம் ஏது என்று கேட்டுப் பிரிந்து வந்தவர்கள் இவர்கள். தொட்டிக்குள் இருக்கும் குருவாவது ஒருவனின் பாவங்களைக் காதால் கேட்டபின்தான் மன்னிப்பைச் சொல்கிறார், மனஸ்தாபம் இல்லை என்று தெரிந்தால் மறுக்கவும் செய்யலாம். மேடையில் நிற்பவர், யார் எவரென்று கேட்காமலே, உயர்ந்த கைகள் அத்தனைக்கும் ஒரே மூச்சில் அதைச் சொல்லிவிடுகிறார்.