ஏலமலையின் மேட்டுப்பாத்திகள்

மேட்டுப்பாத்தி என்பது நிலமட்டத்தைவிட உயரமாக மண்ணைக் கூட்டி அமைக்கப்படும் பாத்தி ஆகும். இன்று வீட்டுக் காய்கறித் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் இம்முறை, போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள ஏலமலையில் ஏல நாற்றங்கால்களில் வழக்கமாகக் கையாளப்படுகிறது.

மலையும் மழையும்

போடிமெட்டு தமிழ்நாடு, கேரள எல்லையில் அமைந்த மலைவழி. தேனி மாவட்டச் சமவெளியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இதை அடையலாம். எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகின்றன. கீழே போடிப் பகுதியோ மழைமறைவு நிலம். இந்த வேறுபாடே பாத்தியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

காட்டு விளைபொருள் தோட்டப்பயிரானது

தொடக்கத்தில் ஏலம் காடுகளில் தானாக முளைத்த செடிகளிலிருந்தே சேகரிக்கப்பட்டது. திருவிதாங்கூர் ஆட்சியில் ஏல வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1896இல் அது நீக்கப்பட்டு நிலவரி முறை வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. மலைச்சரக்கின் சந்தையாகப் போடி வளர்ந்தது. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் இருந்தன. ஆயினும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் இன்றும் எல்லை தாண்டித் தோட்ட வேலைக்குச் சென்று வருகின்றனர். நாற்று வளர்க்கும் நுணுக்கம் அவர்கள் கைத்தொழில்.

நாற்றங்கால் அமைப்பு

ஏலப் பாத்தி ஏறத்தாழ 1 மீட்டர் அகலமும் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. இருபுறமும் நின்று, பாத்தியை மிதிக்காமல் களையெடுக்க இந்த அகலம் ஏற்றது. மேலே சலித்த காட்டுமண் பரப்பப்படும். புதிதாகப் பறித்த பழத்தின் விதைகளே நன்கு முளைக்கும். விதைத்தபின் வைக்கோலோ காய்ந்த புல்லோ மூடி, மேலே நிழற்பந்தல் போடுவர். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தாக்கி இளநாற்றுகள் சாய்ந்துவிடும். பாத்தியை உயர்த்துவதன் முதன்மைக் காரணம் இதுவே. முதல் நாற்றங்கால், இரண்டாம் நாற்றங்கால் என இரு நிலைகளைக் கடந்து நாற்று நடவுக்கு வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும்.

விதையா, தூரா?

ஏலத்தைப் பாதிக்கும் கட்டே எனும் தேமல் நோய் அசுவினிப் பூச்சியால் பரவுகிறது. நோயுற்ற செடியின் தூரைப் பிரித்து நட்டால் நோயும் உடன் வரும். விதை வழியாக இந்நோய் பரவுவதில்லை. எனவே நோயுற்ற தோட்டத்திலிருந்து விலகிய பாத்தியில் வளரும் விதைநாற்று நோயற்ற தொடக்கத்தைத் தருகிறது. ஆனால் விதைநாற்றுகள் தாய்ச்செடியைப் போலவே அமைவதில்லை. இடுக்கி உழவர் செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி எனும் உயர்விளைச்சல் வகை பரவியபோது, அதே விளைச்சலைப் பெற உழவர்கள் தூர் நடவை நாடினர். விளைச்சல் பெருகியது. அதேவேளையில் ஒரே வகை மலையெங்கும் நிறைந்ததால், நோயற்ற தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பது முன்னிலும் முக்கியமாயிற்று. 1978இல் மயிலாடும்பாறையில் அமைந்த இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சிக்கல்களை ஆய்ந்து வருகிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கும் இதே விதி பொருந்தும். மழை மிகுந்த இடத்திலும் களிமண் நிலத்திலும் பாத்தியை உயர்த்த வேண்டும். மட்கிய உரத்தை மண்ணோடு கலந்து, மேலே மூடாக்கு இட வேண்டும். சரிவான நிலத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தால் மண் அரிக்காது. போடிச் சமவெளி போன்ற வறண்ட இடத்தில் உயர்ந்த பாத்தி விரைவில் காய்ந்துவிடும்; அங்கே வரப்பு கட்டிய தாழ்ந்த பாத்தியே நீரைக் காக்கும். ஒரே மலையின் மேலும் கீழும் பாத்தி மாறுவதால், பிற ஊர் முறையை அப்படியே பின்பற்றாமல் தன் நிலத்தில் மழைநீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை முதலில் கவனிப்பதே முறை.