சமைத்த சோறும் அரிசி மூட்டையும்

2004-இல் அமெரிக்காவின் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி என்ற பொறியாளர், அலுவலகத்தின் சொந்தத் தேவைக்காக ஒரு தேடல் சர்வரை எழுதினார். அதுதான் சோலர். டக் கட்டிங் 1999-இல் எழுதிய லூசீன் என்ற ஜாவா லைப்ரரிதான் அதற்கு அடித்தளம். 2006 ஜனவரியில் சிநெட் அதை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது.

லூசீனின் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். தேடலுக்கான இன்டெக்ஸின் ஒரு பகுதியான செக்மென்ட் கோப்புகளை ஒருமுறை எழுதிவிட்டால் அவற்றின் உள்ளடக்கத்தை அது திருத்துவதே இல்லை. புது ஆவணம் வந்தால் புது செக்மென்ட். பழையதை நீக்கினால், நீக்கிய குறிப்பு தனியாக வேறொரு கோப்பில் ஏறும். மாறாத கோப்பை நகலெடுப்பது எளிது அல்லவா? அந்த எளிமையில் பிறந்ததுதான் மாஸ்டர்-ஸ்லேவ் முறை. மாஸ்டர் மட்டும் இன்டெக்ஸைக் கட்டும். ஸ்லேவ்கள் அவ்வப்போது வந்து, புதிதாகச் சேர்ந்த கோப்புகளை மட்டும் எடுத்துப்போகும். ஓர் அடுப்பில் சமைத்து, கேரியரில் பல வீடுகளுக்கு அனுப்புவது போல.

முதலில் இந்த வேலையைச் செய்தவை ஷெல் ஸ்கிரிப்டுகள். ஸ்னாப்ஷூட்டர் இன்டெக்ஸைப் படம் பிடித்து வைக்கும்; ஸ்னாப்புல்லர் ஆர்சிங்க் வழியாக அதை இழுத்து வரும். 2009 நவம்பரில் வந்த 1.4 பதிப்பில் இந்த வேலை சோலருக்குள்ளேயே, ஹெச்டிடிபி வழியாக நடக்கத் தொடங்கியது. அறுபது விநாடிக்கு ஒருமுறை என்று கான்ஃபிக்கில் எழுதிவைத்தால் போதும்.

இந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆண்டுக்கணக்கில் எங்களுக்குச் சோறு போட்ட முறை அது. ஆனால் மாஸ்டர் விழுந்தால் எழுதுவதற்கு இடமே இல்லை. இன்டெக்ஸ் ஒரு மெஷினுக்கு அடங்காமல் வளர்ந்தால், எந்த ஆவணம் எந்த மெஷினுக்கு என்பதை நம் நிரல்தான் கணக்குப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

2012 அக்டோபரில் 4.0 பதிப்போடு சோலர்கிளவுட் வந்தது. யாகூவில் உருவான ஜூகீப்பர் அதற்குப் பொறுப்பாளர். எந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, ஷார்டு என்னும் இன்டெக்ஸ் துண்டு ஒவ்வொன்றுக்கும் யார் லீடர் என்பதையெல்லாம் அதுதான் குறித்துவைக்கிறது. ஆவணத்தின் ஐடியை ஹேஷ் செய்து, அது போகவேண்டிய ஷார்டை சோலரே முடிவுசெய்யும். லீடர் விழுந்தால் அதே ஷார்டின் இன்னொரு நகல், அதாவது ரெப்ளிகா, லீடராகும். மூன்று ஜூகீப்பர்களில் இரண்டு இருந்தால் வேலை நடக்கும். ஒன்றே மிஞ்சினால் சோலர் தேடலுக்குப் பதில் சொல்லும், எழுத மட்டும் மறுத்துவிடும். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இரண்டு மெஷின்கள் தங்களையே லீடர் என்று நினைத்து ஆளுக்கொன்றாக எழுதிக் கெடுப்பதைவிட, நின்றுவிடுவதே நேர்மை.

அடிப்படை மாற்றம் வேறொன்று. கேரியர் போய்விட்டது. லீடர் இப்போது ஆவணத்தையே ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தானே இன்டெக்ஸ் கட்டுகிறது. அரிசி எல்லா வீட்டுக்கும் போகிறது, அடுப்பும் எல்லா வீட்டிலும் எரிகிறது.

நாங்கள் மாறியபோது பழையதை நிறுத்தவில்லை. புது கிளஸ்டரைப் பக்கத்திலேயே எழுப்பி, இரண்டிலும் எழுதினோம். எங்கள் நிரலுக்கு ஒரு பழைய பழக்கம், ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு கமிட், அதாவது எழுதியதை உறுதிசெய்து தேடலுக்குத் திறந்துவிடும் கட்டளை. மாஸ்டரில் தேடல் நடக்காததால் அது யாரையும் உறுத்தவில்லை. கிளஸ்டரில் ஒவ்வொரு கமிட்டும் எல்லா ரெப்ளிகாவுக்கும் பரவி, அங்கங்கே கேஷைக் காலிசெய்தது. கமிட்டை நிரலிலிருந்து எடுத்து, சோலரின் தானியங்கிக் கமிட்டிடம் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்தது இதைவிடக் குழப்பியது. ஒரே சொல்லைத் தேடி, பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் மூன்றாவது முடிவு நான்காவதாகிறது. இன்னொருமுறை தட்டினால் திரும்பி வருகிறது. மொத்த எண்ணிக்கை மாறவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு ரெப்ளிகா பதில் சொல்வதுதான் காரணம். நீக்கிய ஆவணங்கள், செக்மென்ட்கள் ஒன்றுசேரும்வரை கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ரெப்ளிகாவிலும் அந்த இணைப்பு வெவ்வேறு நேரத்தில் நடப்பதால், ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்ற எண் இம்மியளவு வேறுபடும். அதோடு, முடிவுகளை வரிசைப்படுத்தும் மதிப்பெண்ணும் வேறுபடும். ஒரே அரிசிதான், பானைக்குப் பானை பதம் மாறியது.

இதற்கு மருந்து 2017-இல் 7.0 பதிப்பில் கிடைத்தது. டிலாக், புல் என இரண்டு புது ரெப்ளிகா வகைகள். இரண்டும் லீடர் கட்டிய செக்மென்ட்களை அப்படியே நகலெடுப்பவை. கேரியர் திரும்பி வந்துவிட்டது! எங்கள் ரெப்ளிகாக்களை டிலாக் வகைக்கு மாற்றினோம். நகல் வந்து சேரும் அந்தச் சில விநாடிகள் தவிர, முடிவுகள் இடம் மாறுவது நின்றது.

சோலரின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். செக்மென்டைக் கொண்டுவரும் அந்த வேலையைச் செய்யும் கிளாஸின் பெயர் இன்டெக்ஸ்ஃபெட்சர். முன்பு அதற்கு ஸ்னாப்புல்லர் என்று பெயர், அந்தப் பழைய ஷெல் ஸ்கிரிப்டின் பெயரேதான்.