கொதிக்கும் நெய்யும் குற்றச்சாட்டின் பொறுப்பும்

நாகர்கோவிலை அடுத்துப் பழையாற்றங்கரையில் அமைந்துள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஒரு விசாரணைக் களமாகவும் விளங்கிற்று. 'கைமுக்கு' எனும் சத்தியப் பரீட்சை அங்கு நடைபெற்றது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கைவிட்டு, உள்ளே இடப்பட்ட சிறு பொருளை எடுத்தல் வேண்டும். பின்னர் கையைத் துணியால் கட்டி முத்திரையிட்டு, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பர். புண் இல்லையேல் நிரபராதி, இருப்பின் குற்றவாளி.

ஒழுக்கக்கேட்டுப் பழி சுமந்த நம்பூதிரிகளும் இப்பரீட்சைக்கு உட்பட்டனர். அவர்களிடையே வழங்கிய 'ஸ்மார்த்த விசாரம்' வீட்டுப் பணிப்பெண்ணை விசாரிப்பதில் தொடங்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்பவரின் சொல் எத்துணை வலிமையுடையது என்பதற்கு இதுவே சான்று. கைமுக்கில் பழி சொன்னவருக்கு எவ்விதச் சோதனையும் இல்லை. பழி சுமந்தவரே கையைப் பணயம் வைத்தார்.

1811இல் கர்னல் மன்றோ பத்மநாபபுரம் உள்ளிட்ட ஊர்களில் ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். சுவாதித் திருநாள் (1829-1846) ஆட்சியில் கைமுக்கு ஒழிந்தது.

இஸ்லாமிய நீதியியல் இச்சுமையைத் தொடக்கத்திலேயே வாதியின்மீது வைத்தது. சான்று கொணர்வது வாதியின் கடமை. மறுப்பவருக்குச் சத்தியமே போதும். கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொணராதவர்க்கு 80 கசையடி என்றும், அவரது சாட்சியம் ஏற்கப்படாது என்றும் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது பரப்பப்பட்ட அவதூறில் பங்குகொண்ட மிஸ்தஹ், அன்னையின் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களின் பொருளுதவியில் வாழ்ந்த உறவினர். இனி உதவுவதில்லை என அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். மன்னிக்குமாறு இறைவசனம் இறங்கியதும் உதவியைத் தொடர்ந்தார்கள். தண்டனை சட்டத்தின் வேலை. பிழைப்பைப் பறிப்பது அதில் அடங்காது என்பதே இதன் படிப்பினை.

இன்று உடனுறைபவர் பொய்ப்புகார் கொடுத்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டங்கள் வழிகாட்டுகின்றன. கைது அச்சமிருப்பின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவின்கீழ் முன்ஜாமீன் கோரலாம். முதல் தகவல் அறிக்கையை ரத்துச் செய்ய 528ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாடலாம். குமரி மாவட்டத்தார்க்கு அது 2004இல் தொடங்கப்பட்ட மதுரைக் கிளை. அரசு ஊழியரிடம் பொய்த்தகவல் தருவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவும், தீங்கிழைக்கும் நோக்கில் பொய்க்குற்றம் சாட்டுவதை 248ஆம் பிரிவும், அவதூற்றை 356ஆம் பிரிவும் தண்டிக்கின்றன. 248இன்கீழ் ஐந்தாண்டு வரையிலும், சாட்டிய குற்றம் கொடியதாயின் பத்தாண்டு வரையிலும் சிறை உண்டு.

எனினும், தாம் விடுதலை பெற்றமை ஒன்றே புகார் கொடுத்தவரைக் குற்றவாளியாக்கிவிடாது. பொய்யென அறிந்தே அவர் புகார் கொடுத்தார் என்பதை நிறுவுதல் வேண்டும். ஆதலின் கடிதங்கள், கைப்பேசிச் செய்திகள், அண்டை வீட்டாரின் சாட்சியம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பேணிக்கொள்வது இன்றியமையாதது. பழி சுமந்தவர் வழக்குத் தொடுக்கும் கணத்தில் அவரே வாதியாகிறார். சான்று கொணரும் கடமையும் அவரையே சேர்கிறது. பொய் சொன்னவரையும் சான்றின்றித் தண்டியாத நீதியே, பொய்யால் வருந்தியவருக்கும் காவலாகும்.