பல கைகள் கூடிய கணிதம்

பெரிய வேலையொன்றைப் பலர் பகிர்ந்து செய்தால் விரைவில் முடியும் என்பது உழவனுக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த பாடமன்று. வடமராட்சித் தோட்டங்களிலே துலா மிதித்தவனும், பட்டை பிடித்து நீர் இறைத்தவனும், வாய்க்காலில் நின்று நீர் மாறியவனும் நெடுங்காலமாக அறிந்திருந்த உண்மை அது. அதே உண்மையைக் கணினி விஞ்ஞானம் கண்டடைந்த வரலாறு விசித்திரமானது. அது வெறும் யந்திரங்களின் வரலாறன்று. அறிவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கின் வரலாறுமாகும்.

அந்த வரலாறு மின்கணினி தோன்றுமுன்பே ஆரம்பமாகிறது. பிரித்தானிய விஞ்ஞானி லூயிஸ் ஃபிறை றிச்சட்சன் 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே ஒரு கனவை வரைந்தார். பெரியதொரு மண்டபம்; அதிலே 64,000 மனிதர்கள். உலகத்தின் ஒவ்வொரு பகுதிக்குமுரிய வானிலைக் கணக்கை ஒவ்வொரு குழு போடும். அயலிலுள்ள குழுவுக்குத் தன் விடையைக் கொடுக்கும். நடுவிலிருக்கும் ஒருவர் வேகத்தைச் சீர்ப்படுத்துவார். இன்றைய இணைக்கணினியின் அமைப்பு முழுவதும் அந்தக் கனவிலே அடங்கியிருக்கிறது. இதைக் கண்டவர் முதலாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்சில் காயமுற்றோரை ஏற்றும் வண்டி ஓட்டியவர். வானிலை அலுவலகம் விமானப்படைக்குரிய அமைச்சின்கீழ் சென்றதும், 1920-இல் அப்பதவியையும் துறந்தவர். விஞ்ஞானம் கொலைத் தொழிலுக்கு ஏவல் செய்யலாகாது என்பது அவர் கொள்கை.

ஆனால், அவர் கனவை நனவாக்க முன்வந்த பணமோ இராணுவத்தின் பணமாயிருந்தது. இலினோய் பல்கலைக்கழகத்திலே டானியல் ஸ்லொட்னிக் என்பவர் 256 கணிப்பான்கள் ஒருமித்து இயங்கும் 'இலியாக் நான்கு' என்ற யந்திரத்தைத் திட்டமிட்டார். 64 மட்டுமே கட்டப்பட்டன. செலவை ஏற்றது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. வியட்நாம் யுத்தம் கொழுந்துவிட்டெரிந்த 1970-ஆம் ஆண்டிலே அப்பல்கலைக்கழக மாணவர்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். யந்திரம் கலிபோர்னியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கருவி நடுநிலையானது, அதை ஆள்பவன் கையே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த மாணவர் நமக்கு உணர்த்தினர்.

ஆட்களைக் கூட்டினால் மட்டும் வேலை விரைந்துவிடுமா? இல்லை என்று 1967-இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டினார். நூறு மணி நேர வேலையிலே ஐந்து மணி நேர வேலையைப் பகிரவே முடியாது என்று கொள்வோம். வெங்காயம் கிண்டப் பத்துப் பேர் இறங்கலாம், கிணறு ஒன்றுதானே! ஆயிரம் பேர் வந்தாலும் அந்த ஐந்து மணி நேரம் குறையாது. ஆகவே வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. எதைப் பகிரலாம், எதைப் பகிர இயலாது, பகிர்ந்தவர் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்வது என்பவையே இத்துறை ஆய்வாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டும் பிரச்சினைகள்.

இனி நமது பக்கம் வருவோம். 1980-களிலே அதிவேகக் கணினி பெரும்பாலும் அமெரிக்காவின் கைப்பொருளாயிருந்தது. வானிலை ஆய்வுக்கென இந்தியா கேட்ட 'கிறே' யந்திரத்தைக்கூட, வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அணுகுண்டும் ஏவுகணையும் செய்துவிடுவார்களோ என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அத்தகைய குண்டுகளை மலைபோல் குவித்து வைத்திருந்தவர்களின் அச்சம் அது! இதற்கு மறுமொழியாக 1988-இல் பூனாவிலே உயர்கணிப்பு வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. விஜய் பட்கரின் தலைமையில் இளம் பொறியியலாளர் குழு மூன்றே ஆண்டுகளில், 1991-இல், 'பரம் 8000' என்ற யந்திரத்தை முடித்தது. மாபெரும் கணிப்பானொன்றைச் செய்ய அவர்களிடம் வசதியில்லை; எனவே சிறியவற்றைக் கோத்தார்கள். ஒவ்வொன்றும் நான்கு அயலாருடன் நேரே பேசவல்ல 'டிரான்ஸ்பியூட்டர்' என்ற சில்லுகள் அவை. அவற்றைச் செய்த 'இன்மொஸ்' நிறுவனமோ 1978-இல் பிரித்தானிய மக்களின் வரிப்பணத்தில் ஆரம்பிக்கப்பட்டு, 1984-இல் தனியாருக்கு விற்கப்பட்டதாகும். பொதுப்பணம் விதைத்ததைத் தனிப்பணம் அறுவடை செய்யும் கதையை இங்கும் காண்கிறோம்.

அந்த 1991-ஆம் ஆண்டிலே நெல்லியடி எவ்வாறிருந்தது? முந்திய ஆண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்கு மின்சாரமில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, மின்கலத்திற்குத் தடை. மாணவர்கள் குப்பி விளக்கொளியிலே கணிதம் பயின்றனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒரு தேசத்துக்குக் கணினி மறுக்கப்பட்டபோது அது அநீதி என்றோம். ஒரு சிறு குடாநாட்டுக்குச் சாதாரண மின்கலம் மறுக்கப்பட்டதும் அநீதியே. மறுப்பின் அளவு வேறு. அதன் நியாயம் ஒன்றே: 'இவர்களுக்கு இது எதற்கு?' என்பது.

காலம் மாறிற்று. ஒற்றைக் கணிப்பானின் வேகத்தைக் கூட்டக் கூட வெப்பம் தாங்க முடியாததாயிற்று. 2004-இல் 'இன்டெல்' நிறுவனம் அவ்வழியில் வகுத்திருந்த புதிய கணிப்பானைக் கைவிட்டது. அதன்பின், ஒரு சில்லிலே பல கருக்களை வைப்பதே பொதுவழியாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஆனந்த் அகர்வால் தொடங்கிய நிறுவனம் 2007-இல் 64 கருக்கள் கொண்ட சில்லை வெளியிட்டது. அதே கழகத்தில் உருவான 'சக்தி' கணிப்பான் 2018-இல் சண்டிகாரில் வார்க்கப்பட்டது. அதன் வடிவமைப்பு எவரும் எடுத்தாளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அறிவைப் பூட்டி வைப்போருக்கு இதுவே தக்க மறுமொழி என்று நாம் கருதுகிறோம்.

இன்று நெல்லியடிச் சந்தையில் வெங்காயம் விற்பவரின் சட்டைப்பையிலேயே பல கருக்கள் கொண்ட கணிப்பான் கிடக்கிறது. எனினும் 1978-இல் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலையும், 2008-இல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கிய 'நிஷா'வையும் நாம் மறக்கவில்லை. அடுத்த புயலின் பாதையை முன்கூட்டிக் கணிக்கும் வலு உலகத்தில் இருக்கிறது. அக்கணிப்பு ஏழை மீனவனின் வாடிக்கும் தோட்டக்காரனின் வரம்புக்கும் உரிய நேரத்தில், அவன் மொழியில் வந்து சேர வேண்டும். ஆயிரம் கருக்கள் கூடி உழைக்கக் கற்றுக்கொண்டன; அவ்வுழைப்பின் பலனைக் கூடிப் பகிர மனிதர் கற்றுக்கொள்வதே எஞ்சியுள்ள வேலை.